சாயத் தண்ணீர்

என் கொழுந்தனாரின் பை வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது அவருடைய காரியமெல்லாம் முடிந்துவிட்டிருந்தது. அவர் ரிக் வண்டியில் வேலை பார்த்தவர். திருச்செங்கோட்டில் இருந்து வடக்கே போய், மாதக்கணக்கில் ஊர் ஊராகப் போர்க்கிணறு தோண்டுகிற வண்டிகள் எத்தனையோ, அவற்றில் ஒன்று. எங்கோ பெயர் தெரியாத ஒரு ஊரில் பைப் இறக்கும்போது ஒன்று நழுவி அவர் மேல் விழுந்துவிட்டது. என் வீட்டுக்காரர் போய் தம்பியின் உடம்பை ஆம்புலன்ஸில் கொண்டுவந்தார். கழுத்து வரைக்கும் துணி சுற்றி இறுக்கக் கட்டியிருந்தது. முகத்தை மட்டும் காட்டினார்கள். முகத்தில் ஒரு கீறல்கூட இல்லை.

கொழுந்தனாரின் மனைவிக்கு அப்போது கல்யாணமாகி இரண்டு வருடம்கூட முழுதாக ஆகவில்லை. குழந்தை இல்லை. சேந்தமங்கலத்துப் பெண். என்னை அக்கா என்று கூப்பிடுவாள். கூடப் பிறந்தவளைப் போலத்தான் நானும் வைத்திருந்தேன். அன்றைக்கு அவள் அழுததைவிடக் கேட்டதுதான் அதிகம். வந்தவர்கள் ஒவ்வொருவரையும் பிடித்துக் கேட்டாள்.

"ரொம்ப ரத்தம் போச்சுங்களா?"

ஆண்கள் தலையைத் திருப்பிக்கொண்டார்கள். "ஒன்னுமே தெரிஞ்சிருக்காது சாமி. ஒரு நிமிசந்தான்" என்று பெரியவர் ஒருவர் சொன்னார். அதையே மற்றவர்களும் சொன்னார்கள். என் வீட்டுக்காரரிடம் கேட்டபோது அவர் பந்தல் கயிற்றைச் சரிசெய்யப் போவதுபோல எழுந்து போய்விட்டார். அவளுக்குக் கடைசிவரை யாரும் பதில் சொல்லவில்லை.

அதன் பிறகுதான் அந்தப் பை வந்தது. அதே வண்டியில் வேலை செய்த ஒருவர் லீவில் ஊருக்கு வந்தபோது கொண்டுவந்து கொடுத்துவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் போனார். அழுக்கு லுங்கிகள், பனியன்கள், சார்ஜர், சேவிங் செட், விசேஷங்களுக்குப் போட்டுக்கொள்கிற வெள்ளைச் சட்டை ஒன்று. எல்லாவற்றுக்கும் அடியில், அந்த ஊர்ச் சந்தையில் வாங்கியிருப்பார்போல, புதிதாக ஒரு சிவப்புத் துண்டு. விபத்து நடந்த அன்று போட்டிருந்த துணி எதுவும் அதில் இல்லை. அதெல்லாம் அங்கேயே ஆஸ்பத்திரியோடு போய்விட்டது.

"குடு கண்ணு, நான் தொவைச்சுப் போடறேன்" என்றேன்.

"வேண்டாங்க்கா. அவரு துணி. நானே தொவைக்கறனுங்க்கா."

பின்புறம் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய வாளியில் சோப்புத்தூள் போட்டு எல்லாவற்றையும் மொத்தமாக ஊறப்போட்டாள். நான் உள்ளே சாதம் வடித்துக்கொண்டிருந்தேன். சத்தம் எதுவும் கேட்கவில்லை. துணி அடிக்கிற சத்தம் வர வேண்டிய நேரத்துக்கு வராததால்தான் எட்டிப் பார்த்தேன். அவள் வாளிக்கு முன்னால் குத்துக்கால் போட்டு உட்கார்ந்திருந்தாள். கைகள் இரண்டும் முழங்கை வரைக்கும் தண்ணீருக்குள் இருந்தன. தண்ணீர் முழுக்கச் சிவப்பு.

"அக்கா, பாருங்க்கா. இவ்வளவு போயிருக்குது."

எனக்கு உடனே புரிந்துவிட்டது. அந்தத் துண்டை இழுத்துப் பிழிந்து காட்டினேன். சிவப்பாக வடிந்தது. "இது சாயம் கண்ணு. புதுத் துண்டு. ஊறுனதுல எறங்கியிருக்குது. அவரு அன்னிக்குப் போட்டிருந்தது எதுவும் இதுல இல்ல சாமி."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "நீங்களும் அவிங்களாட்டமே சொல்றீங்க" என்றாள்.

ஊரே சேர்ந்து அவளிடம் எதையோ மறைத்தது உண்மை. அதில் நானும் ஒருத்தி என்று அவள் நினைத்ததில் தப்பில்லை. வாளியைக் கவிழ்த்தேன். அந்தத் தண்ணீர் கல்லைச் சுற்றிக்கொண்டு ஓடி வாழைக்குப் போயிற்று. அது போய் முடிகிறவரை பார்த்துக்கொண்டே இருந்தவள், அப்படியே சுவரில் சாய்ந்து வாந்தி எடுத்தாள். கைகளைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். வெள்ளைச் சட்டை திட்டுத்திட்டாக ரோஸ் நிறத்துக்கு வந்துவிட்டிருந்தது.

அவள் ஒன்றும் புத்தி பேதலித்தவள் இல்லை. அதைச் சொல்ல வேண்டும். பிளஸ் டூ முடித்து, நாமக்கல்லில் கம்ப்யூட்டர் படித்தவள். சில நாட்களில் அவளே சொன்னாள்: "தெரியுதுங்க்கா. சாயம்னு தெரியுது. ஆனா ஒடம்பு ஒத்துக்க மாட்டேங்குது." எங்கள் இருவருக்கும் மாமியாரான அத்தையின் அரக்குச் சேலையை நான் அலசும்போது பக்கத்தில் வந்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். இன்னொரு நாள் வாஷிங் மெஷின் குழாயில் இருந்து என் மெரூன் நைட்டியின் தண்ணீர் சாக்கடைக்குப் போவதைப் பார்த்துவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு கதவோடு நின்றாள். வாயைத் திறக்க வைப்பதற்குள் எங்களுக்கு உயிர் போய்விட்டது. அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. சேலத்தில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனோம். மாத்திரை கொடுத்தார். மாத்திரை போட்டால் தூங்கினாள். விழித்தால் அதே கதைதான்.

அதனால், எங்கள் வீட்டில் எந்தத் துணியும் சாயம் விடக் கூடாது என்று நான் முடிவு செய்தேன். மற்றவர்களுக்குத் துணி பாழாகக் கூடாது என்பது கவலை. எனக்குத் தண்ணீர் நிறம் மாறக் கூடாது என்பது கவலை.

கேட்டவர்கள் எல்லாரும் கல்லுப்பு போடச் சொன்னார்கள். எங்கள் போர் தண்ணீரே உப்புதான். அதில் இன்னும் இரண்டு கை உப்பு அள்ளிப் போட்டு ஊறவைத்தேன். சாயம் நிற்கவில்லை. போனில் வீடியோ பார்த்து வினிகர் வாங்கி ஊற்றினேன். படிகாரம் கரைத்துப் பார்த்தேன். வீடெல்லாம் ஊறுகாய் வாசம் வந்ததுதான் மிச்சம். குமாரபாளையத்தில் சாயப்பட்டறையில் வேலை செய்கிற என் சித்தப்பா மகன், போனில் கேட்டபோது சிரித்தான். "ஏனுங்க்கா, சாயம் ஏத்தறப்பவே புடிச்சிருக்கோணும். புடிக்காதது வெளிய வந்தேதான் ஆகும். அலசி அலசி எறக்கிருங்க, வேற வழியில்ல."

அப்படியே செய்தேன். புதுத் துணி எது வந்தாலும் வெள்ளைத் துணியை நனைத்து அதன் உள்தையலில் அழுத்தித் தேய்த்துப் பார்ப்பேன். வெள்ளையில் நிறம் ஒட்டினால் அந்தத் துணி வீட்டுக்குள் நுழையாது. பக்கத்துத் தோட்டத்துத் தொட்டிக்கு எடுத்துப்போய்ப் பச்சைத் தண்ணீரில், தனியாக, தண்ணீர் தெளிகிறவரை அலசுவேன். சுடுதண்ணீர் கிடையாது. ஊறப்போடுவது கிடையாது. உள்பக்கத்தை வெளியே திருப்பி நிழலில் காயப்போடுவேன். எவ்வளவு அலசியும் நிற்காத துணிகளை வேண்டியவர்களுக்குக் கொடுத்துவிட்டேன். என் கல்யாணப் புடவையைப் பீரோவின் அடியில் வைத்ததோடு சரி. அத்தை மட்டும் முணுமுணுத்தார். "ஒரு புள்ளைக்காவ ஊடே நெறம் மாத்தோணுமா?" ஆனால் அவரும் தன் அரக்குச் சேலையை எடுத்து மடித்து வைத்துவிட்டார். அவருடைய பிள்ளைதானே போனது.

என் வீட்டுக்காரர் மெஷின் குழாயை நீட்டி, மண்ணுக்கடியில் பதித்து, சாக்கடைக்குள்ளேயே விழுகிற மாதிரி செய்தார். துணியோடு போட்டால் தண்ணீரில் இறங்கிய சாயத்தைப் பிடித்துக்கொள்கிற காகிதம் ஒன்று இருக்கிறதென்று ஆன்லைனில் வரவழைத்தார். எல்லாம் அவளுக்காகத்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

இதற்கிடையில் அவள் உடுத்துவதும் மாறிப்போயிற்று. நிறமில்லாத துணி சாயம் விடாது என்பதால் சந்தன நிறம், வெளிர் சாம்பல், தயிர் மாதிரி வெள்ளை என்று அவளாகவே தேடி எடுத்தாள். தன் துணியைத் தானே பயமில்லாமல் துவைக்க முடிந்ததே அவளுக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது. ஆனால் ஊர் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டது. இந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் இளவயதில் புருஷனை இழந்தவர்களை யாரும் வெள்ளை கட்டச் சொல்வதில்லை. சொன்னால் சண்டைக்கு வருவார்கள். ஆனாலும் தானாக ஒருத்தி கட்டினால் பார்ப்பவர்களுக்கு மனம் குளிர்ந்துவிடுகிறது.

"இந்தக் காலத்துல இப்புடி ஒரு புள்ளையப் பாக்க முடியுங்களா? யாருஞ் சொல்லாமயே எவ்வளவு அடக்கமா இருக்குது பாருங்க" என்று தறிக்கூடத்துக்காரர் மனைவி எங்கள் வாசலில் நின்று சொன்னார். அத்தையின் முகம் மலர்ந்தது. பிள்ளை போன பிறகு அவர் முகத்தில் நான் கண்ட முதல் வெளிச்சம் அதுதான். அதைப் பார்த்து எனக்குக் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது. உள்ளே இருந்த அவள் எல்லாவற்றையும் கேட்டாள்.

"அவிங்க நெனைக்கற மாதிரியெல்லாம் நான் இல்லீங்க்கா" என்று பிறகு என்னிடம் சொன்னாள். "எனக்கு மயில் கழுத்து நெறம்னா அவ்வளவு புடிக்கும்."

அவளுடைய அண்ணன் சேந்தமங்கலத்தில் இருந்து அடிக்கடி வந்து போவார். ஒருநாள் தயங்கித் தயங்கிப் பேச்சை எடுத்தார். ராசிபுரம் பக்கம் ஒருவர், மஞ்சள் காமாலையில் மனைவி போய்விட்டார், குழந்தை இல்லை, சொந்தமாக மளிகைக் கடை, அமைதியான ஆள். அத்தை அழுதார். அழுதுகொண்டே, "கூட்டிட்டுப் போங்க சாமி. இங்கிருந்து அது என்ன பண்ணப்போவுது" என்றார். அவளைக் கேட்டபோது, "நீங்க சொல்றபடி செய்யறனுங்க" என்று அண்ணனிடம் சொல்லிவிட்டு எழுந்து போனாள். அது சம்மதமா, சலிப்பா என்று எனக்குத் தெரியவில்லை. அவளும் அந்த ராசிபுரத்துக்காரரும் ஒருமுறை கோயிலில் பார்த்துப் பேசிக்கொண்டார்கள். கேட்டதற்கு, "நல்லவராத்தான் தெரியறாரு" என்றாள்.

முகூர்த்தப் புடவையை அவளுடைய அண்ணனும் அண்ணியும் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் எடுத்தார்கள். அரக்கு நிறப் பட்டு. நான் வேறு நிறமாக மாற்ற முடியுமா என்று கேட்டேன். "மொகூர்த்தத்துக்கு வேற என்ன நெறத்துலீங்க எடுக்கறது? ஏற்கெனவே பொழுதுக்கும் வெள்ளையிலேயே திரியுதுன்னு நாங்க கெடந்து தவிக்கறோம்" என்றார் அண்ணி. அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதனால் புடவையை ஓரம் அடித்துத் தருவதாகச் சொல்லி வாங்கி வந்தேன்.

வெள்ளைத் துணியால் தேய்த்துப் பார்த்தேன். துணி சிவந்தது. பட்டுப் புடவையைத் தண்ணீரில் போடக் கூடாது என்று எனக்கும் தெரியும். ஆனால் கல்யாணத்தன்று வியர்த்து, அவளுடைய கையிலோ இடுப்பிலோ அந்தச் சாயம் இறங்கினால்? விடிந்ததும் தோட்டத்துத் தொட்டிக்கு எடுத்துப்போனேன். சோப்பு போடாமல், முறுக்காமல், முக்கி முக்கி எடுத்தேன். தொட்டியில் இருந்து வாய்க்காலுக்குப் போன தண்ணீர் சிவப்பாக, பிறகு ரோஸாக, மறுபடியும் சிவப்பாகப் போயிற்று.

என்னைத் தேடிக்கொண்டு என் வீட்டுக்காரர் வந்தார். வரப்பில் நின்றவர் வாய்க்காலைப் பார்த்தார். பார்த்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துகொண்டார். அதுவரை அவர் யாரிடமும் பேசாததை அன்று பேசினார்.

"அங்க ஆஸ்பத்திரிக்குப் பின்னாடி ஒரு செட்டுல தம்பியப் போட்டு வெச்சிருந்தாங்க. தூக்கறதுக்கு ஆளு பத்தல. நானும் ஒரு கை புடிச்சேன். என்ற சட்டை, வேட்டி எல்லாம் நனைஞ்சிருச்சு. அதெல்லாம் அங்கியே கழட்டிப் போட்டுட்டு, ஆம்புலன்சுக்காரரோட லுங்கியக் கட்டிட்டுத்தான் வந்தேன். அந்தப் புள்ள என்னையக் கேட்டா நான் என்னன்னு சொல்றது?"

நான் புடவையைக் கையில் வைத்தபடி நின்றேன். அவர் அழவில்லை. எழுந்து வந்து மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு பேரும் சேர்ந்து அதை நீர் வடிய விரித்து, வேப்ப மரத்து நிழலில் கட்டினோம். அவரும் அதே காட்சியைத் தனக்குள் வைத்துக்கொண்டுதான் என்னோடு சாப்பிட்டு, தூங்கி, வேலைக்குப் போய் வந்திருக்கிறார் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. குழாயை ஏன் மண்ணுக்குள் பதித்தார் என்பதும்.

புடவையின் பளபளப்புப் போய்விட்டது. அண்ணி கையில் வாங்கிப் பார்த்து, "பழசு மாதிரி ஆயிருச்சே" என்று கண் கலங்கினார்.

கல்யாணம் ஒரு சின்ன முருகன் கோயிலில் நடந்தது. இரண்டு பக்கமும் நெருங்கிய ஆட்கள் மட்டும். தாலி கட்டும்போது அவள் தலையைக் குனிந்திருந்தாள். புடவை சாயம் விடவில்லை. மாலையில் இருந்த ரோஜா இதழ்கள் கையில் நசுங்கிவிடாமல் நான் பக்கத்திலேயே நின்றேன். எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்ற நிம்மதியோடு மாப்பிள்ளை வீட்டுக்குக் காரில் போகும்போது நானும் கூடவே போனேன். அங்கே போய் இறங்கியதும்தான், நான் யோசிக்காமலே விட்ட ஒன்று எதிரே வந்தது.

மாப்பிள்ளையின் சித்தி ஆரத்தித் தட்டோடு வாசலில் நின்றிருந்தார். மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த தண்ணீர். தட்டு நிறையச் சிவப்பு.

எத்தனை கல்யாணத்தில் நானே கரைத்திருப்பேன். துணியைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தவளுக்கு அது தோன்றவே இல்லை. "ஏனுங்க, ஒரு நிமிசம்" என்று நான் சொன்னது அந்தச் சந்தடியில் யார் காதிலும் விழவில்லை. அவள் என் கையைப் பிடித்தாள். பிடித்த பிடியில் அவளுடைய நகம் என் மணிக்கட்டில் பதிந்தது. தட்டு இருவர் முகத்துக்கும் முன்னால் சுற்றி வந்தது. தண்ணீர் தட்டுக்குள் அலைந்தது. சித்தி விரலால் தொட்டு அவள் நெற்றியில் வைத்தார். சற்று அதிகமாக எடுத்துவிட்டார்போல. ஒரு துளி மூக்கு வழியாக இறங்கியது. அவள் அதைப் புறங்கையால் துடைத்தாள். துடைத்த கையைப் பார்த்தாள். பிறகு மெதுவாக, யாரோ தோளைப் பிடித்து அழுத்தியதுபோல, வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"ஐயோ, வாசல்லயே உக்காந்துருச்சே, இது என்னங்க சகுனம்" என்று கூட்டத்தில் யாரோ சொன்னார்கள். "ஒடம்புல ஏதாச்சும் கொறை இருக்குதுங்களா?" என்று இன்னொருவர் அவளுடைய அண்ணனிடமே கேட்டார். அண்ணன் வெளிறிப்போய் நின்றார். நான் அவள் முகத்தை என் முந்தானையால் துடைத்தேன். அவள் பற்கள் கிட்டிக்கொண்டிருந்தன.

மாப்பிள்ளை குனிந்து, "தண்ணி வேணுங்களா?" என்று கேட்டார். கல்யாணம் ஆகி அரை நாள்கூட ஆகாத மனைவியை, மரியாதையாக ‘ங்க’ போட்டு. அவள் தலையை அசைத்தாள். அவர் உள்ளே போகவில்லை. சித்தி கூப்பிட்டும் போகவில்லை. மாலையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, அவள் எழுகிறவரை வெயிலில் அங்கேயே நின்றார்.

அன்று சாப்பாடு முடிந்ததும் கார் பக்கத்தில் வைத்து அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பை வந்தது, வாளி, துணிகள், எல்லாம். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். "முன்னாடியே சொல்லியிருக்கலாமுங்க" என்றார். குரலில் கோபம் இல்லை. களைப்புதான் இருந்தது. தன் முதல் மனைவியை ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்த ஆள். மறுபடியும் ஒன்றா என்று நினைத்திருப்பார். நினைத்தாலும் தப்பில்லை.

அதன் பிறகு போனில் பேசும்போதெல்லாம் நன்றாக இருக்கிறேன் என்றுதான் சொன்னாள். சித்தி மட்டும் அந்த வாசற்படிச் சங்கதியை மறக்கவில்லை. கடையில் வியாபாரம் குறைந்தால்கூட அதைச் சொல்கிறார் என்று அவளுடைய அண்ணன் மூலம் தெரிந்தது. மாத்திரையை நிறுத்திவிட்டாளாம்.

அத்தை குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு உடைந்து படுத்தபோது பார்க்க வந்தாள். கத்தரிப்பூ நிறத்தில் சேலை கட்டியிருந்தாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அத்தைக்குத் தலை சீவிவிட்டாள், கஞ்சி ஊட்டினாள். நான் வேண்டாமென்று சொல்லியும் படுக்கைத் துணிகளை வாரிக்கொண்டு பின்புறம் போனாள். பின்னாலேயே போனேன். அதில் என்னுடைய பழைய சிவப்புப் பாவாடை ஒன்று கலந்துவிட்டிருந்தது. அவள் போன பிறகு நானும் அவ்வளவு கவனமாக இருப்பதில்லை. தண்ணீர் லேசாகச் சிவந்தது. நான் வாளியை இழுக்கப் போனேன்.

"இருக்கட்டுங்க்கா" என்றாள். கையை உள்ளே விட்டு அந்தப் பாவாடையை எடுத்துத் தனியாகப் போட்டாள். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"செரியாயிருச்சா கண்ணு?"

"இப்பெல்லாம் ஒன்னும் ஆகறதில்லீங்க்கா." கொஞ்ச நேரம் துணியைக் கும்மினாள். "அன்னிக்கு வாசல்ல உக்காந்தனே, அதுதான் கடைசி. அதுக்கப்பறம் வந்ததே இல்ல. அப்பெல்லாம் அந்தத் தண்ணியப் பாத்தா பயமா இருக்கும். ஆனா அந்தப் பயத்துல அவரு இருந்தாருங்க்கா. அவருக்கு எப்புடி இருந்திருக்கும், எங்க வலிச்சிருக்கும்னு எல்லாந் தெரியற மாதிரி இருக்கும். இப்பப் பாத்தா வெறுஞ் சாயத் தண்ணிதான். அவரு மொகங்கூடச் செரியா நெனைப்பு வரமாட்டேங்குது. போட்டோவத் தொறந்து பாத்தாத்தான் வருது. இப்புடி ஆயிருச்சேன்னு யாருகிட்டச் சொல்றது? அங்க சொல்ல முடியுங்களா?"

அப்போதுதான் அழுதாள். சத்தமில்லாமல், துணியைக் கும்முவதை நிறுத்தாமல். எது போக வேண்டுமென்று நாங்கள் அவ்வளவு பாடுபட்டோமோ, அது போய்விட்டது. அது போனபோது எதைக் கூட்டிக்கொண்டு போனது என்று எங்கள் யாருக்கும் அதுவரை தெரிந்திருக்கவில்லை. உள்ளே இருந்து அத்தை தண்ணீர் கேட்டுக் கூப்பிட்டார். அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, "வாரனுங்கத்தை" என்று எழுந்து போனாள்.

அத்தை அந்தப் படுக்கையில் இருந்து எழவே இல்லை. சாவுக்கு அவளும் அவளுடைய வீட்டுக்காரரும் வந்தார்கள். மாலையை வாங்கி வந்து போட்டார்கள். அவளுக்கு எங்கே நிற்பதென்று தெரியவில்லை. மருமகளாக என் பக்கத்தில் வந்து உட்காரவும் இல்லை, வெளியாளாகத் தள்ளி நிற்கவும் இல்லை. இரண்டுக்கும் நடுவில், கதவோரமாக நின்றாள். யாரோ ஒரு பெண் என்னிடம் குனிந்து, அது யாரு உங்களுக்கு என்று கேட்டார். சேந்தமங்கலத்துப் புள்ள, சொந்தந்தான் என்றேன். உடலை எடுத்துக்கொண்டு போனதும் அவர்கள் கிளம்பிவிட்டார்கள். ராசிபுரம் போய்க் கடையைத் திறக்க வேண்டுமாம்.